டிஷ்வாஷரில் தண்ணீர் தேங்குகிறதா? முதலில் சிங்க்கின் அடியில் பாருங்கள்



சில வருடங்களுக்கு முன்புவரை டிஷ்வாஷர் என்றால் வெளிநாட்டில் இருப்பவர்கள் வீட்டுப் பொருள் என்று நினைத்திருந்தோம். இன்று நம் தெருக்களிலேயே பல வீடுகளில் இருக்கிறது. முதுகுவலியால் குனிய முடியாத உம்மா இருக்கும் வீடு, கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடு, உதவிக்கு ஆள் கிடைக்காத வீடு என்று தேவையை முன்னிட்டே பலரும் வாங்கியிருக்கிறார்கள். அதில் பாதிக்கு மேல் பிள்ளைகள் வெளியூரில் உழைத்து அனுப்பிய பணமாக இருக்கும்.

அப்படி வாங்கிய மெஷின் ஒன்றிரண்டு வருடத்திலேயே ஓடாமல் நின்று, அதன்மேல் அரிசி டப்பாவும் பழைய பேப்பரும் அடுக்கியிருப்பதைச் சில வீடுகளில் காண முடிகிறது. கேட்டால், "அடியில் அழுக்குத் தண்ணீர் தேங்குது, மோட்டார் போயிடுச்சாம்" என்கிறார்கள்.

இந்தக் கட்டுரையில் சொல்ல வருவது ஒன்றுதான். தண்ணீர் வெளியேறவில்லை என்ற புகாரில் பல நேரம் மெஷின் கெட்டிருப்பதில்லை. தண்ணீர் வெளியே போகும் வழிதான் அடைத்திருக்கிறது, அல்லது முதல் நாளிலேயே தவறாக மாட்டப்பட்டிருக்கிறது. அந்த வழியின் பெரும்பகுதி சிங்க்கின் அடியில், நம் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. ஒரு வாளி, ஒரு டார்ச், ஒரு ஸ்க்ரூ டிரைவர், கொஞ்சம் பழைய துணி இருந்தால், பணம் செலவழிப்பதற்கு முன் கோளாறு எந்தப் பக்கம் என்று வீட்டில் உள்ளவர்களே கண்டுபிடித்துவிடலாம்.

தண்ணீர் போகும் வழி

மெஷின் கழுவி முடித்த தண்ணீர் அடித்தளத்தில் உள்ள குழியில் சேர்கிறது. அங்கே முதலில் ஃபில்டர், அதன் கீழே ஒரு சிறிய பம்ப். அந்தப் பம்ப் தண்ணீரை மேல்நோக்கித் தள்ளுகிறது. வளையம் வளையமாக இருக்கும் சாம்பல் நிற ட்ரெய்ன் பைப் வழியாக அது சிங்க்கின் அடிக்கு வருகிறது. அங்கே சிங்க்கின் வேஸ்ட் பைப்புடனோ ட்ராப்புடனோ சேர்ந்து, சுவருக்குள் போகும் பெரிய குழாயில் கலக்கிறது.

ஆக வழியில் ஐந்து இடங்கள்: ஃபில்டர், பம்ப், ட்ரெய்ன் பைப், அது சிங்க்குடன் சேரும் இணைப்பு, ட்ராப். இந்த ஐந்தில் முதல் இரண்டு மட்டுமே மெஷினுக்குள் இருக்கின்றன. மற்ற மூன்றும் வெளியே. மெக்கானிக்கை அழைத்தால் அவர் பார்ப்பது மெஷினை. பிளம்பரை அழைத்தால் அவர் பார்ப்பது சிங்க்கை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கோளாறு யார் கண்ணிலும் படாமல் போவதற்கு இதுதான் காரணம்.

எந்த விதமான கோளாறு?

முதலில் அடையாளத்தைக் கவனியுங்கள்.

ஃபில்டருக்குக் கீழே உள்ள குழியில் மட்டும் கொஞ்சம் தெளிந்த தண்ணீர் நின்றால் அது கோளாறே அல்ல. உள்ளே இருக்கும் ரப்பர் பாகங்கள் காய்ந்துவிடாமல் இருக்க அந்தத் தண்ணீர் தேவை. மெஷினின் தரை முழுவதும் அழுக்குத் தண்ணீர் தேங்கி நின்றால்தான் பிரச்சினை.

மெஷின் தண்ணீரைத் தள்ளும்போது அது சிங்க்கில் பொங்கி வந்தால், மெஷின் நன்றாக இருக்கிறது, சிங்க்குக்கு அப்பால் அடைப்பு என்று பொருள்.

மெஷின் ஓடாத நேரத்தில், சிங்க்கில் கை கழுவிய தண்ணீர் மெஷினுக்குள் வந்து சேர்ந்தால், ட்ரெய்ன் பைப் மாட்டிய விதம் தவறு. கழுவிய பீங்கானின் மேல் சாக்கடைக்குப் போக வேண்டிய தண்ணீர் திரும்பி வருகிறது என்றால் அதைச் சும்மா விட முடியாது. இதை உடனே சரிசெய்ய வேண்டும்.

மெஷின் தண்ணீரை எடுத்துக்கொண்டே இருக்கிறது, பாத்திரம் மட்டும் சரியாகக் கழுவப்படவில்லை என்றால், ட்ரெய்ன் பைப்பின் முனை மிகத் தாழ்வாக இருக்கிறதா என்று பாருங்கள். எடுக்கிற தண்ணீர் தானாகவே வடிந்து போய்க்கொண்டிருக்கும்.

சில மெஷின்களில் திரையிலேயே குறியீடு வரும். பாஷ் மெஷின்களில் ஈ24 என்றால் வெளியேறும் வழியில் தடை, ஈ25 என்றால் பம்ப்பில் ஏதோ சிக்கியிருக்கிறது அல்லது அதன் மூடி சரியாகப் பொருந்தவில்லை. எல்ஜி மெஷினில் ஓஈ என்று வந்தால் தண்ணீர் வெளியேறவில்லை என்று அர்த்தம். இவற்றில் எதுவும் "மோட்டார் மாற்ற வேண்டும்" என்று சொல்வதில்லை.

வாளிச் சோதனை

எல்லாவற்றுக்கும் முன்பு இந்த ஒரு சோதனையைச் செய்யுங்கள். மெஷின் பக்கமா, சிங்க் பக்கமா என்பதை இது தெளிவாகப் பிரித்துக் காட்டிவிடும்.

மெஷினை நிறுத்தி, பிளக்கை உருவிவிடுங்கள். சிங்க்கின் அடியில் ட்ரெய்ன் பைப் சேரும் இடத்தில் ஒரு பெரிய வாளியை வையுங்கள். கிளாம்ப்பைத் தளர்த்தி பைப்பை மெதுவாகக் கழற்றுங்கள். உள்ளே நிற்கும் தண்ணீர் கொஞ்சம் வடியும். பிறகு பைப்பின் முனையை அதே உயரத்திலேயே வாளிக்குள் இருக்கும்படி ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். வாளியை ஒரு ஸ்டூல் மேல் வைத்தால் வசதி. தரை ஈரமாக இருந்தால் துடைத்து, கை காய்ந்த பிறகு மற்றொருவர் பிளக்கை மாட்டட்டும். பல மெஷின்களில் ஸ்டார்ட் பட்டனை 3 வினாடி அழுத்திப் பிடித்தால் ஓடிக்கொண்டிருந்த புரோகிராம் ரத்தாகி, தேங்கிய தண்ணீரை மெஷின் வெளியே தள்ளும்.

தண்ணீர் வேகமாகப் பீய்ச்சிக்கொண்டு வந்தால் ஃபில்டரும் பம்ப்பும் பைப்பும் நன்றாக இருக்கின்றன. கோளாறு இணைப்பிலோ ட்ராப்பிலோதான். மெக்கானிக் தேவையில்லை. தண்ணீர் வரவில்லை, அல்லது சொட்டுச் சொட்டாக வருகிறது என்றால் ஃபில்டர், பம்ப், பைப் மூன்றையும் பார்க்க வேண்டும்.

நம் பகுதியில் ஒரு வீட்டில் புது மெஷின் வாங்கிய முதல் வாரத்திலிருந்தே தண்ணீர் போகவில்லை. பார்க்க வந்தவர் பம்ப் மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வீட்டுப் பிள்ளை இந்தச் சோதனையைச் செய்தபோது வாளியில் தண்ணீர் கொட்டியது. சிங்க்கின் அடியில் பார்த்தால், ட்ராப்பில் பைப் மாட்டும் மூக்கின் உள்ளே பிளாஸ்டிக் தடுப்பு வெட்டப்படாமலே இருந்தது. மெஷின் முதல் நாளிலிருந்து ஒரு சுவரை முட்டிக்கொண்டிருந்தது. பத்து நிமிட வேலையில் முடிந்துபோனது.

மெஷினுக்குள் பார்க்க வேண்டியவை

பிளக்கை உருவிய பிறகே கையை உள்ளே விட வேண்டும். கீழ்த்தட்டை வெளியே எடுத்துவிட்டு, தேங்கிய தண்ணீரை ஒரு டம்ளராலும் ஸ்பாஞ்சாலும் எடுத்துவிடுங்கள். ஃபில்டரைப் பெரும்பாலும் இடதுபக்கம் திருப்பினால் கழன்று வரும். குழாய்த் தண்ணீரில் காட்டி, பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். இரும்பு நார் வேண்டாம், வலை கிழிந்துவிடும். நோன்புக் கஞ்சியின் பசையும் நெய்யும் சேர்ந்தால் வலையின் கண்கள் முழுவதும் அடைந்துவிடும். வெந்நீரும் பாத்திரம் தேய்க்கும் லிக்விடும் போட்டு அரை மணி நேரம் ஊறவைத்தால் இளகும்.

ஃபில்டர் இருந்த குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் உடைந்த கண்ணாடிச் சில்லு அங்கேதான் கிடக்கும். ஏலக்காய்த் தோல், கிராம்பு, மீன்முள், எலுமிச்சை விதை, பல்குத்தும் குச்சி போன்றவை பம்ப்பின் விசிறியில் சிக்கிக்கொள்ளும். பல மெஷின்களில் பம்ப்பின் மேல் ஒரு சிறிய பிளாஸ்டிக் மூடி இருக்கும். கையேட்டில் காட்டியபடி அதைக் கழற்றி, விசிறியை விரலால் சுற்றிப் பாருங்கள். அது விட்டுவிட்டுத் தடங்கித் தடங்கிச் சுற்றும். உள்ளே காந்தம் இருப்பதால் அப்படித்தான் இருக்கும், அது கோளாறு அல்ல. எவ்வளவு முயன்றாலும் சுற்றவே இல்லை என்றால்தான் கோளாறு. மூடியைத் திரும்ப மாட்டும்போது "டிக்" என்று பொருந்த வேண்டும்.

ட்ரெய்ன் பைப்: மடிப்பும் உயரமும்

மெஷினைச் சுவரோடு ஒட்டித் தள்ளும்போது பின்னால் பைப் நசுங்குவது மிகவும் சாதாரணமாக நடக்கும். வீட்டைச் சுத்தம் செய்வதற்காக மெஷினை இழுத்துத் திரும்பத் தள்ளிய பிறகு கோளாறு ஆரம்பித்தது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

அடுத்தது உயரம். பைப் மெஷினிலிருந்து புறப்பட்டு நேரே தாழ்வாக வந்து சிங்க்கில் சேரக்கூடாது. முதலில் கிச்சன் மேடையின் அடிப்பாகம் வரை மேலே ஏறி, அங்கே ஒரு வளைவு எடுத்து, பிறகு இறங்கி இணைப்புக்கு வர வேண்டும். மேலே ஏறிய இடத்தை ஒரு கிளிப்பாலோ டேக்காலோ பலகையில் கட்டிவையுங்கள். நசுங்கும்படி இறுக்க வேண்டாம். சிங்க் அடைத்து வேஸ்ட் பைப்பில் தண்ணீர் ஏறினாலும், இந்த வளைவின் உயரத்தைத் தாண்டாதவரை அது மெஷினுக்குள் போகாது. சிங்க்கின் அழுக்குத் தண்ணீர் மெஷினுக்குள் வருவதற்கு மருந்து இதுதான். இதற்குச் செலவு ஒரு கிளிப் மட்டுமே.

நம் வீடுகள் பலவற்றில் சிங்க்கின் வேஸ்ட் பைப்பும் மெஷினின் பைப்பும் தரையில் உள்ள ஓட்டைக்குள் சும்மா செருகப்பட்டிருக்கின்றன. பைப்பின் முனை தரையில் இருந்தால் தண்ணீர் தானாக இழுத்துக்கொண்டு போகும். முனை எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்பது கையேட்டில் இருக்கும். பல கம்பெனிகள் தரையிலிருந்து ஏறக்குறைய 40 முதல் 100 சென்டிமீட்டருக்குள் என்று சொல்கின்றன. சிங்க்குடன் இணைக்க வசதி இல்லாத வீட்டில், தரை ஓட்டையிலிருந்து அந்த உயரத்துக்கு ஒரு பிவிசி குழாயை நிமிர்த்தி நிறுத்தி, அதன் வாயில் ட்ரெய்ன் பைப்பைக் கொக்கிபோல் மாட்டச் சொல்லுங்கள். அந்த இடத்தில் காற்று புகும்படி இடைவெளி இருக்க வேண்டும். டேப் சுற்றி அடைத்துவிடக்கூடாது.

இணைப்பும் ட்ராப்பும்

சிங்க்கின் அடியில் கிண்ணம் போலத் தொங்கும் பாகம்தான் பாட்டில் ட்ராப். சில வீடுகளில் வளைந்த குழாயாக இருக்கும். அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நின்று, சாக்கடை நாற்றமும் கரப்பானும் மேலே வராமல் தடுக்கிறது. மெஷினின் பைப் இந்த ட்ராப்பிலோ அதற்கு முன்போதான் சேர வேண்டும். ட்ராப்பைத் தாண்டி சுவர்ப் பக்கம் சேர்த்தால், அந்த நாற்றம் பைப் வழியாக மெஷினுக்கு வந்துவிடும்.

பைப் மாட்டியிருக்கும் மூக்கைக் கழற்றி உள்ளே பாருங்கள். புதிதாக மாட்டியதாக இருந்தால், முன்பு சொன்ன பிளாஸ்டிக் தடுப்பு வெட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழையதாக இருந்தால் மெழுகுபோல் கொழுப்பு உறைந்து, ஈர்க்குச்சி நுழையும் அளவுக்கே வழி இருக்கும். அதைச் சுரண்டி எடுத்துவிடலாம்.

பிறகு ட்ராப். கீழே வாளியை வைத்து, கிண்ணத்தைக் கையாலேயே திருகிக் கழற்றுங்கள். உள்ளே இருப்பதை வாளியில் கொட்டிக் கழுவி, ரப்பர் வாஷர் மடங்காமல் வைத்து, திரும்பக் கையாலேயே இறுக்குங்கள். ஸ்பானர் போட்டு முறுக்கினால் மரை வெடித்துவிடும். முடிந்ததும் சிங்க்கின் வாயை அடைத்து, பாதி அளவு தண்ணீர் நிரப்பி ஒரே தடவையில் திறந்துவிடுங்கள். சுழன்று வேகமாக இறங்கினால் வழி சுத்தம். களக் களக் என்று சத்தமிட்டு மெதுவாக இறங்கினால் அடைப்பு சுவருக்குள் இருக்கிறது, அது பிளம்பரின் வேலை. கடைசியாகக் காய்ந்த டிஷ்யூ பேப்பரால் ஒவ்வொரு இணைப்பையும் ஒற்றிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவைப் பேப்பர் காட்டிக்கொடுக்கும்.

செய்யக்கூடாதவை

அடைப்பு என்றதும் ஆசிட் ஊற்றுவது நம்மிடம் பழக்கமாகிவிட்டது. ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒன்றாகச் சேர்ந்தால் குளோரின் வாயு உண்டாகும். கதவு மூடிய சமையலறையில் அது மூச்சை அடைக்கும் விஷம். காஸ்டிக் சோடா கலந்த அடைப்பு நீக்கி தண்ணீர் பட்டதும் கொதிக்கும். கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. இவற்றில் எதையும் மெஷினுக்குள் ஊற்றக்கூடாது. சிங்க்கில் ஏற்கெனவே ஊற்றியிருந்தால், ட்ராப்பைக் கழற்றுபவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் அவர் கையும் முகமும் வெந்துபோகும்.

கொதிக்கும் தண்ணீரை அப்படியே பிவிசி குழாயில் ஊற்ற வேண்டாம். குழாய் இளகி வளையும், இணைப்பு நெகிழும். கை பொறுக்கும் சூட்டிலுள்ள தண்ணீர் போதும்.

அடைப்பின் வேர் கொழுப்பு

மெஷின் பொதுவாக 50 முதல் 70 டிகிரி சூட்டில் கழுவுகிறது. அந்தச் சூட்டில் நெய்யும் ஆட்டுக் கொழுப்பும் உருகித் தண்ணீரோடு ஓடிவிடும். ஆனால் ஆட்டுக் கொழுப்பு 40 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் உருகிய நிலையில் நிற்கும். சிங்க்கின் அடியில் உள்ள குளிர்ந்த குழாயைத் தொட்டதும் அது உறைந்து ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் சோற்றுப் பருக்கை, அதன்மேல் மறுபடி கொழுப்பு. பெருநாள் பிரியாணிக்கும் வலீமா விருந்துக்கும் மறுநாள் சிங்க் அடைப்பது இதனால்தான்.

ஆகவே சட்டியில் மிஞ்சிய தாளிச்சா எண்ணெயையும் கொழுப்பையும் சிங்க்கில் ஊற்றாமல், ஒரு பழைய டப்பாவில் ஊற்றி, உறைந்ததும் குப்பையில் சேருங்கள். தட்டுகளைப் பேப்பரால் ஒருமுறை வழித்துவிட்டு மெஷினில் வையுங்கள். முழுவதும் கழுவிவிட்டு வைக்க வேண்டியதில்லை, அது தண்ணீர் வீண். எலும்பும் முள்ளும் மட்டும் போகக்கூடாது. ஃபில்டரை வாரம் ஒருமுறை கழுவுங்கள், ரமலானில் இரண்டு நாளைக்கு ஒருமுறை. பாட்டில் ட்ராப்பை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றிக் கழுவினால் போதும்.

கீழ்வீட்டுக்காரரின் சுவர்

மாடி வீடுகளிலும் அபார்ட்மென்டிலும் இருப்பவர்கள் ஒன்றைக் கூடுதலாக நினைவில் வைக்க வேண்டும். சிங்க்கின் அடியில் சொட்டும் தண்ணீர் நம் கண்ணில் படாமல், கீழ்வீட்டுக் கூரையில் கறையாக இறங்கும். அவர்கள் வந்து சொல்லும்போது கம்பி துருப்பிடிக்க ஆரம்பித்திருக்கும். அந்தச் செலவு அவர்கள் தலையில் விழுவது நியாயமல்ல. அண்டை வீட்டாருக்கு நம்மால் தொல்லை வரக்கூடாது என்பதை நாம் எல்லோரும் அறிவோம். அதற்கு மாதம் ஒருமுறை டிஷ்யூ பேப்பரோடு சிங்க்கின் அடியில் குனிந்து பார்த்தால் போதும். சிங்க்கின் அடியில் பிளக் பாயின்ட் இருந்தால், அதைச் சொட்டும் குழாயிலிருந்து தள்ளி உயரமாக மாற்றிவிடுங்கள். தண்ணீரும் கரன்டும் ஒரே பெட்டியில் இருக்கக்கூடாது.

எப்போது மெக்கானிக்?

ஃபில்டரும் பைப்பும் சுத்தமாக இருந்தும் வாளியில் தண்ணீர் வரவில்லை, பம்ப்பின் சத்தமே கேட்கவில்லை, விசிறி சுற்றவில்லை, மெஷினின் அடியிலிருந்து தண்ணீர் கசிகிறது, தொட்டால் ஷாக் அடிக்கிறது: இவற்றில் எதுவானாலும் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஷாக் அடித்தால் மெஷினைத் தொடாமல் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். வாரன்டி காலத்தில் ஃபில்டரைக் கழுவுவதோடு நிறுத்திக்கொண்டு, மற்றதைக் கம்பெனி ஆளிடம் விடுவது நல்லது. வருபவரிடம், "வாளியில் பிடித்துப் பார்த்தோம், தண்ணீர் இப்படித்தான் வருகிறது" என்று முதலிலேயே சொல்லுங்கள். பம்ப் மாற்றினால் பழைய பம்ப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, வீட்டில் உள்ள ஆண் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. சிங்க்கின் அடியில் குனிந்து இந்த வேலையைச் செய்ய உங்கள் உம்மாவையோ லாத்தாவையோ விடாதீர்கள். ஒருமுறை செய்து பழகிக்கொண்டால் அக்கம்பக்கத்தில் தனியாக இருக்கும் பெரியவர்கள் வீட்டிலும் செய்துகொடுக்கலாம். இந்தப் பக்கத்தை வெட்டி, சிங்க்கின் அடிக்கதவின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள். தேவைப்படும் நாளில் கைக்கு எட்டும்.